ஆயில் சாட்சி

எங்கள் தீவுச் சங்கத்து ஜெனரேட்டருக்குள் இருக்கும் ஆயிலைப் போலச் சுத்தமான ஆயில் நார்வே தேசத்தில் வேறு எந்த இன்ஜினுக்குள்ளும் கிடையாது. இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். ஏனென்றால் அந்த ஆயிலுக்குச் சாட்சி நான்தான். கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கி, எதிர்ப்பில்லாமல் தேர்ந்தெடுத்த சாட்சி. ஒரே ஒரு எதிர்ப்பு இருந்தது. அது என்னுடையது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. தீவில் ரைடார் என்று சொன்னால், "ஓ, அந்த நம்பாத ஆளா?" என்பார்கள். மீன் வாங்கும் இடத்துத் தராசை நான் கடலுக்குப் போன காலம் முழுவதும் நம்பவில்லை. ஒருநாள் அரசாங்கத்து ஆள் வந்து சோதித்துப் பார்த்து, அந்தத் தராசு இத்தனை காலமும் எனக்குச் சாதகமாகத்தான் காட்டியிருக்கிறது என்றான். அதன் பிறகு தராசோடு சேர்த்து அவனையும் நம்புவதில்லை.

எனக்கு ஒரு மரப்படகு உண்டு. பெயர் தெர்னா. அவளுக்கு வயதாகிவிட்டது, அடியில் தண்ணீர் கசிகிறது. எதிர்க்கரையில் படகு பழுது பார்க்கிறவன் தட்டிப் பார்த்துவிட்டு, மூன்று பலகை மாற்ற வேண்டும் என்றான். பலகை விற்கிறவன் பலகையை மாற்றச் சொல்லாமல் வேறு என்ன சொல்வான்? நான் மாற்றவில்லை. படகுக்குள் கரண்டில் ஓடும் ஒரு சின்னப் பம்பை இறக்கி, படகுத்துறையில் இருக்கும் பிளக்கிலிருந்து ஒயர் இழுத்துவிட்டேன். தண்ணீர் ஏறினால் பம்பு ஓடும், இறங்கினால் நிற்கும். இரவும் பகலும் இதே கதைதான். பேட்டரியில் ஓடுகிற பம்பு வாங்கேன் என்று பக்கத்து வீட்டு ஹால்டிஸ் சொல்லிப் பார்த்தாள். பேட்டரியையும் நான் நம்புவதில்லை.

"உன் படகு கடல்ல மெதக்கலை ரைடார், கரண்டுல மெதக்குது" என்பாள் அவள்.

அவள் சொன்னது உண்மை. ஒரு குளிர்காலத்தில் புயல் வந்து, எதிர்க்கரையிலிருந்து வரும் மின்கம்பியை அறுத்துப் போட்டது. அந்த முறை தெர்னா வண்ணம் பூசுவதற்காகக் கரையில் ஏறிக் கிடந்ததால் தப்பித்தாள். இன்னொரு முறை அப்படி வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தீவுச் சங்கம் ஒரு ஜெனரேட்டர் வாங்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும், வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சங்கத்துக் கூட்டத்துக்கு நானாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

சங்கத் தலைவர் ஐலிஃப். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்திலிருந்து மட்டும்தான். எங்களையெல்லாம் இன்னும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துப் பேசுவார். சிவப்பு வண்ணத்தில் இரண்டு பேர் தூக்கக்கூடிய ஜெனரேட்டர் ஒன்றை மேடையில் வைத்து, அதன்மேல் சங்கத்துக் கொடியைப் போர்த்தியிருந்தார்.

"இனிமே இந்தத் தீவு இருட்டுல உக்காராது" என்றார். "கரண்டு போனா, படகுத்துறைக்கும் இந்த மன்றத்துக்கும் இதுலேருந்து கரண்டு. இது யாரோட சொத்தும் இல்ல. நம்ம எல்லாரோட சொத்து."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஜெனரேட்டரோடு ஒரு கையேடு வந்திருந்தது. ஐலிஃப் அதை எடுத்துப் படித்தார். நூறு மணி நேரம் ஓடிய பிறகு ஆயில் மாற்ற வேண்டும், அல்லது வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது. இந்த 'எது முதலில்' என்பதில் கூட்டம் சிக்கிக்கொண்டது. ஓடவே இல்லையென்றால் நூறு மணி எப்போது வரும் என்று ஒருவர் கேட்டார். வருடம் என்பது ஜனவரியில் தொடங்குகிறதா, வாங்கிய நாளிலிருந்தா என்று இன்னொருவர் கேட்டார். இரண்டு முறை காப்பி ஊற்றியாயிற்று. கடைசியில் ஆடு வளர்க்கும் ஆஸ்முண்ட் எழுந்தார். அவர் கூட்டத்தில் எழுந்து நின்றால் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டார்.

"ஒவ்வொரு அக்டோபரும் யாராச்சும் மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். கோட்டை எடுத்து மாட்டத் தொடங்கினார்கள். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நான் வாயைத் திறந்தேன்.

"மாத்தினாங்கன்னு யாரு பாக்குறது?"

மாட்டிய கோட்டுகளைக் கழற்றினார்கள்.

"ரைடார் கேக்கறது முக்கியமான கேள்வி" என்றார் ஐலிஃப். பள்ளிக்கூடத்தில் அவருடைய அப்பாவிடம் நான் படித்தேன். அந்த வாத்தியார் வாயிலிருந்து ஒருமுறைகூட இப்படி ஒரு வார்த்தை எனக்குக் கிடைத்ததில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

"பழசு முழுசா வடிஞ்சிதான்னு யாரு சொல்றது?" என்று இன்னொன்றும் கேட்டேன். "பாதி பழசை உள்ளயே விட்டுட்டு மேல புதுசை ஊத்தினா யாருக்குத் தெரியும்? அப்பறம், சாவி ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா? இது அவரு வீட்டுக் காப்பிச் சட்டிக்குத்தான் ஓடும்."

அன்று ஜெனரேட்டரை மன்றத்தின் பின்னறையில் வைத்து, கதவுக்கு இரண்டு பூட்டு போடுவது என்று முடிவாயிற்று. ஒரு சாவி ஐலிஃபிடம், இன்னொன்று ஆஸ்முண்டிடம். ஆயில் மாற்றும்போது ஒரு சாட்சி இருக்க வேண்டும். பழைய ஆயில் கடைசிச் சொட்டு வரை வடிந்தது என்று சாட்சி சொன்ன பிறகுதான் புதிய ஆயில் ஊற்றலாம். சாட்சியாக என்னைப் போட்டார்கள். நான் வேண்டாமென்று கை தூக்கியதை ஐலிஃப், "அடக்கம்" என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்.

கிளம்பும் நேரத்தில், பொருளாளர் தோர்கூன் ஒரு சந்தேகம் கேட்டாள். "ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாத்துரலாமா? ஓடுதான்னு தெரிய வேணாமா?"

ஐலிஃப் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பேச்சு நீளமாக இருக்கும்.

"தோர்கூன், ஓட்டினா மணி சேரும். மணி சேந்தா நூறைப் பாத்துப் போகும். அவசரத்துக்குன்னு வாங்கினதை அவசரம் இல்லாத நேரத்துல தேய்க்கறது பொறுப்புள்ளவங்க செய்யற வேலை இல்ல. ஓடாத இன்ஜின்தான் புது இன்ஜின். இதை நாம புதுசாவே வெச்சுக்கணும்."

"அவசரம் வந்தா?"

"அவசரம் வந்தா கூட்டம் போடுவோம்."

எனக்கு அது சரியாகவே பட்டது. என் படகுக்கான கரண்டை இவர்கள் யாரும் வீண் செய்துவிட முடியாது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

எங்கள் ஊரில் பொதுவேலை என்றால் தனியாளாகச் செய்யக்கூடாது. வீட்டுக்கு ஒருவர் வந்து சேர்ந்து செய்ய வேண்டும். வராதவர்களை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அடுத்த வாரம் கடையில் பாலாடைக்கட்டி எடுக்கும்போது ஒரு பார்வை பார்ப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்தே எல்லோரும் வருவார்கள். ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்ற ஒரு ஆளும் ஒரு ஸ்பானரும் போதும். எங்கள் தீவில் அதற்கு முப்பது பேர் வந்தார்கள். பாதிப் பேர் இலைவாரியோடு வந்தார்கள். தீவில் மரமே கிடையாது. ஆனாலும் கூட்டுவேலை என்றால் இலைவாரி எடுத்து வருவதுதான் வழக்கம்.

ஆயிலை வடிப்பதற்கு முன்னால் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும், அப்போதுதான் ஆயில் இளகி வரும் என்று அதே கையேட்டில் எழுதியிருந்தது. ஆனால் ஓட்டக்கூடாது என்று தீர்மானம் இருந்தது. ஆகையால் ஒவ்வொரு அக்டோபரிலும் நாங்கள் ஆயிலைக் குளிரிலேயே வடித்தோம். அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றினால், பாத்திரத்தில் தேன் ஒழுகுவது போல மெல்ல வரும். பிறகு நூலாகும். பிறகு சொட்டாகும். நான் டார்ச்சோடு மண்டியிட்டுச் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் வாஃபிள் சாப்பிடுவார்கள். தோர்கூன் கரண்டில் சூடாக்கும் அச்சில் மாவை ஊற்றி, இதயம் இதயமாகச் சுட்டு, மேலே பழுப்புப் பாலாடைக்கட்டியும் ஜாமும் வைத்துக் கொடுப்பாள்.

வடிந்த ஆயிலை ஐலிஃப் ஒரு கண்ணாடி ஜாடியில் எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டுவார். ஒரு வருடமாக அசையாமல் கிடந்த ஆயில், ஊற்றியபோது இருந்தது போலவே பொன்னிறமாக இருக்கும்.

"பாத்தீங்களா, எவ்ளோ சுத்தம்" என்பார். "இதுதான் முறையான பராமரிப்போட பலன்."

கை தட்டுவோம். ஆஸ்முண்ட் அந்தப் பழைய ஆயிலைத் தன் வீட்டு கேட் கீல்களுக்குப் போடக் கேட்டு வாங்கிப்போவார். அவர் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கேட். அதற்கு வருடா வருடம் அரை லிட்டர் ஆயில் போகிறது. இவ்வளவு சந்தேகம் பிடித்த எனக்கு இதில் மட்டும் சந்தேகம் வரவில்லை.

இந்த அக்டோபரில் குளிர் முன்னதாகவே வந்துவிட்டது. சனிக்கிழமை போல்ட்டைக் கழற்றினோம். ஆயில் வர மனசில்லாமல் வந்தது. முதல் சுற்று வாஃபிள் முடிந்தது, இரண்டாம் சுற்றும் முடிந்தது. நான் மன்றத்தின் பின்னறையில் மண்டியிட்டபடி இருந்தேன்.

ஹால்டிஸ் கதவில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். "என்ன ரைடார், பசு இன்னும் கறக்குதா?"

"உனக்கென்ன வந்துச்சு? போய் வாஃபிளைத் தின்னு."

"தின்னாச்சு. உன் பங்கையும் தின்னாச்சு."

ஐலிஃப் வந்தார். "முடிஞ்சுதா?"

"இல்ல. இன்னும் ஒரு சொட்டு தொங்குது."

"அது விழுந்ததும் முடிஞ்சிருமா?"

"அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு இருக்காதுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

அவரும் குனிந்து பார்த்தார். வெளியே இருட்டத் தொடங்கியது. சாட்சி சொல்லாமல் புதிய ஆயில் ஊற்றக்கூடாது என்பதால், மீதியை அடுத்த சனிக்கிழமை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். போல்ட் கழற்றியபடியே, பாத்திரம் அடியில் வைத்தபடியே இரண்டு பூட்டையும் போட்டார்கள். நான் கால் மரத்துப்போய், ஆனால் மனது நிறைந்து வீட்டுக்கு வந்தேன். என் கண் இருக்கும்வரை யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

புதன்கிழமை காலையில் தென்மேற்கிலிருந்து காற்று வந்தது. வானிலை சொல்லும் பெண் முந்தின நாளே எச்சரித்திருந்தாள். அவளை நம்பாததால் தெர்னாவைக் கரையேற்றவில்லை. படகுச் சேவையை நிறுத்தினார்கள். பத்து மணி வாக்கில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பின் சிவப்பு விளக்கு அணைந்தது. கிழங்கை அப்படியே விட்டுவிட்டுத் துறைக்கு ஓடினேன். என் வயதில் ஓடுவது என்றால் மற்றவர்கள் நடப்பதற்குக் கொஞ்சம் கீழே.

பம்பு சத்தமில்லாமல் கிடந்தது. தெர்னா கயிற்றை இழுத்து ஆடிக்கொண்டிருந்தாள். உள்ளே பலகைக்கு மேல் தண்ணீர் வந்துவிட்டது. கைப்பம்பை எடுத்து இறைக்கத் தொடங்கினேன். நான் ஒரு வாளி இறைத்தால் கடல் ஒன்றேகால் வாளி அனுப்பியது. இந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை.

மஞ்சள் மழைக்கோட்டில் ஹால்டிஸ் வந்தாள்.

"எவ்ளோ நேரம் தாங்கும்?"

"நான் தாங்கற வரைக்கும்."

"அப்ப ரொம்ப நேரம் இல்ல" என்றபடி படகுக்குள் இறங்கினாள். "ரைடார், எங்க கொட்டகைல ஒரு..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

"கொட்டகைல என்ன?"

"ஒண்ணுமில்ல. ஒரு வாளி இருக்கு. அந்தக் கைப்பம்பைக் குடு. நீ போய் சங்கத்தை எழுப்பு."

என் படகு இன்ஜினுக்கு வைத்திருந்த ஆயில் டப்பாவைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு மன்றத்துக்கு ஏறினேன். யாரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. ஐலிஃப், தோர்கூன், ஆஸ்முண்ட் மூன்று பேரும் புயல் இருட்டுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னறைக் கதவு திறந்திருந்தது. ஜெனரேட்டர் அதன் ஸ்டாண்டில், அடியில் பாத்திரத்தோடு, சனிக்கிழமை விட்ட இடத்திலேயே இருந்தது.

"நல்ல வேளையா வந்த, ரைடார்" என்றார் ஐலிஃப். "அவசரக் கூட்டம் போட்டிருக்கோம். நீ இல்லாம ஆரம்பிக்க முடியல."

"கூட்டம் வேணாம். போல்ட்டை மாட்டுங்க, ஆயிலை ஊத்துங்க, கயித்தை இழுங்க. என் படகு முழுகிக்கிட்டிருக்கு."

"அதுக்குத்தான் கூட்டம். சாட்சியைக் கேக்கறேன். பழைய ஆயில் முழுசா வடிஞ்சிருச்சா?"

"வடிஞ்சிருச்சு."

"நீ இன்னும் உள்ள போயே பாக்கல."

"இங்கேருந்தே தெரியுது."

ஐலிஃப் கண்ணாடியைக் கழற்றினார்.

"சனிக்கிழமை அத்தன நேரம் பாத்துட்டு இல்லைன்னு சொன்ன. இன்னைக்குப் பாக்காமலே ஆமாங்கற. நடுவுல என்ன மாறிச்சு?"

"கரண்டு போச்சு. என் படகு முழுகுது."

"அதாவது, ஆயில் வடிஞ்சிருச்சுன்னு சொன்னா உனக்கு ஆதாயம் இருக்கு."

"பின்ன இல்லாம?"

"அப்ப நீ சாட்சி சொல்லக்கூடாது. ஆதாயம் உள்ளவங்க அந்த விஷயத்துல முடிவு சொல்லக்கூடாதுன்னு நம்ம விதி. நீ கேட்டுத்தான் அதைச் சேத்தோம்."

உண்மைதான். கடைக்காரன் சங்கத்துக்குக் காப்பித்தூள் விற்பதைப் பற்றி நான் கிளப்பிய பிரச்சினையில் வந்த விதி அது.

"சரி, வேற யாராச்சும் பாத்துச் சொல்லுங்க. ஆஸ்முண்ட், நீ சொல்லு."

ஆஸ்முண்ட் மேசையைப் பார்த்தார். "என்கிட்ட சாவி இருக்கு. சாவி வெச்சிருக்கறவன் சாட்சி ஆகக்கூடாது." அதுவும் நான் கேட்டு வந்த விதிதான்.

"தோர்கூன்?"

"ஆயில் வாங்கற பணம் என் கையிலதான் போகுது ரைடார். நான் எப்படிச் சொல்றது? நீயே ஒத்துக்குவியா?"

ஒத்துக்கொண்டிருக்கமாட்டேன்.

நான் பின்னறைக்குள் போனேன். போல்ட்டை எடுத்து மாட்டக் குனிந்தேன். மறுகையால் பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். ஐலிஃப் வந்து, ஆயில் ஊற்றும் வாயின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார்.

"அது என்ன ஆயில்?"

"என் படகு இன்ஜினுக்கு ஊத்தறது."

"சொந்த ஆயிலா? இது பொதுச் சொத்து ரைடார். உன் ஆயிலை ஊத்திட்டா நாளைக்கு இதுல எவ்ளோ உன்னுது, எவ்ளோ நம்மளோடதுன்னு யாரு பிரிக்கறது? அதோட கையேட்டுல போட்டிருக்கற ரகம் வேற. இத்தன வருஷமா இதை இவ்ளோ சுத்தமா வெச்சிருக்கோம். ஒரு புயல் வந்துச்சுங்கறதுக்காக அதைக் கெடுத்துக்கறதா?"

"கையை எடுங்க ஐலிஃப்."

"எடுக்க மாட்டேன். உனக்காகத்தான் எடுக்க மாட்டேங்கறேன். நாளைக்கு நீயே வந்து, யாரைக் கேட்டு ஊத்தவிட்டீங்கன்னு கேப்ப."

இந்த மனிதன் என் வார்த்தைகளையே ஒவ்வொன்றாக எடுத்து என்மேல் எறிந்துகொண்டிருந்தார். எதுவும் குறி தப்பவில்லை.

"கொஞ்சம் உக்காரு" என்றாள் தோர்கூன். "முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. ஏதாவது வயித்துல போடு. உனக்குப் பதிலா வேற ஒரு சாட்சியைக் கண்டுபிடிக்கலாம்."

துண்டில் சுற்றி வைத்திருந்த ஒரு வாஃபிளை எடுத்து என் கையில் வைத்தாள். வெண்ணெய் உருகி என் விரலில் வழிந்தது. நான் அதை நக்கினேன். இரண்டாவது விரலை நக்கும்போதுதான் உறைத்தது.

"இது சூடா இருக்கு" என்றேன்.

வாஃபிளைத் தூக்கிக் காட்டினேன்.

"கரண்டு போயி ரெண்டு மணி நேரமாச்சு. உன் அச்சு கரண்டுலதான சுடும் தோர்கூன். இது எப்படிச் சூடா இருக்கு?"

தோர்கூன் துண்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு மூச்சு நேரம் அடங்கியது. சுவருக்கு வெளியே, மேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு உறுமல் கேட்டது. பிறகு சரிவுப் பக்கத்திலிருந்து இன்னொன்று. பிறகு ஆட்டுக் கொட்டகைப் பக்கத்திலிருந்து மூன்றாவதாக ஒன்று, கொஞ்சம் இருமலோடு. தீவில் எல்லாக் கொட்டகையிலும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"நான் ஒண்ணு வாங்கினேன்" என்றாள் தோர்கூன். "சின்னதுதான்."

"எப்ப?"

"அந்த மொதல் கூட்டம் முடிஞ்ச வாரமே."

நான் ஆஸ்முண்டைப் பார்த்தேன். "கேட் கீலுக்கா அந்த ஆயில்?"

"நல்ல ஆயில்" என்றார் ஆஸ்முண்ட். "வீணாகக் கூடாது."

ஐலிஃபைப் பார்த்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"தனி மனுஷனா என் வீட்டுக்கு ஒரு ஏற்பாடு செஞ்சுக்கிட்டேன், அது உண்மை" என்றார். "தலைவரா இந்த ஜெனரேட்டர் மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது. இன்னும் சொன்னா, நாங்க எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு வாங்கினதாலதான் இது மேல பாரம் எதுவும் விழல. இதைப் பாதுகாக்க எங்க சொந்தச் செலவுல பண்ணியிருக்கோம். சொல்லிக்காட்டல, அவ்ளோதான்."

"தீவுல யாருகிட்டதான் இல்ல?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோர்கூன்தான் சொன்னாள்.

"உன்கிட்டதான் ரைடார்."

பெஞ்சில் உட்கார்ந்தேன். தராசை நம்பாதவன், பேட்டரியை நம்பாதவன், பலகைக்காரனை நம்பாதவன். இந்தத் தீவில் சங்கத்தை நம்பியவன் நான் ஒருவன்தான்.

"எங்களோடதை எடுத்துக்க" என்றாள் தோர்கூன். "தள்ளுவண்டில வெச்சுத் தள்ளிட்டுப் போயிரலாம். ஆஸ்முண்ட், நீ அந்தப் பக்கம் புடி."

ஆஸ்முண்ட் எழுந்தார். நானும் எழுந்தேன். அப்போது கதவு திறந்தது. ஹால்டிஸ் வாசலில் நின்றாள். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் தரையில் கொட்டியது.

"தெர்னா அடியில உக்காந்துட்டா ரைடார்" என்றாள். "என்னால முடிஞ்ச வரைக்கும் இறைச்சேன். மேல்கூண்டு மட்டும்தான் வெளிய தெரியுது."

ஐலிஃப் தொப்பியைக் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள். தெர்னாவுக்காக நாங்கள் ஐந்து பேரும் பேசாமல் நின்றோம். அந்த மரியாதையாவது அவளுக்குக் கிடைத்தது. பிறகு ஐலிஃப் தொண்டையைச் செருமினார்.

"சங்கத்து சார்பா எங்க வருத்தத்தைத் தெரிவிச்சுக்கறேன்" என்றார். "சொல்லவே கஷ்டமா இருக்கு. ஆனா கூட்டம் இன்னும் முடியல. படகு போயிட்டதால ரைடாருக்கு இந்த விஷயத்துல இப்ப எந்த ஆதாயமும் இல்ல. அவன் சாட்சி சொல்லலாம். ரைடார், பழைய ஆயில் முழுசா வடிஞ்சிருச்சா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பின்னறைக்குப் போய் மண்டியிட்டேன். ஐலிஃப் மெழுகுவர்த்தியைப் பிடித்தார். துளையின் விளிம்பில் ஒன்றும் இல்லை. வெகுநேரம் பார்த்தேன். பிறகு ஓரத்தில் மெல்ல ஒன்று திரண்டது. பருத்தது. தொங்கியது. பாத்திரத்தில் விழுந்தது. அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இனி என்ன போய்விடப் போகிறது? ஆனால் அத்தனை பேர் நான் சொல்வதை அப்படியே நம்பத் தயாராக நின்றது அதுதான் முதல்முறை. என்னால் முடியவில்லை.

"இன்னும் முடியல" என்றேன்.

"கெழட்டு முட்டாள்" என்றாள் ஹால்டிஸ். அதில் கோபம் இல்லை.

காற்று ஓய்ந்த பிறகு, கடல் உள்வாங்கிய நேரம் பார்த்துத் தெர்னாவைத் தூக்கினார்கள். கரண்டு இன்னும் வரவில்லை. கூட்டுவேலை என்று யாரும் அறிவிக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு ஒருவர் வந்தார்கள், இந்த முறை இலைவாரி இல்லாமல். ஒவ்வொருவரும் ஒரு ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். துறையில் அவை வரிசையாக நின்று உறுமின. ஒருவருடையதை ஒருவர் அன்றுதான் பார்க்கிறார்கள். இருந்தாலும் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இருப்பதிலேயே பெரியது ஐலிஃபுடையது. பம்புகள் இறைக்க, தெர்னா சேறு ஒழுக மேலே வந்தாள்.

ஹால்டிஸின் ஜெனரேட்டர் என் பக்கத்தில் நின்று ஓடியது. ஒருமுறை கயிற்றை இழுத்ததும் பிடித்துக்கொண்ட இன்ஜின். வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று எவ்வளவோ பார்த்தேன்.

"இதுக்கு ஆயில் எப்ப மாத்துன?"

"அதுல ஆயில் வேற இருக்கா?" என்றாள்.

படகுப் பழுதுக்காரன் வந்து தெர்னாவைப் பார்த்தான். மூன்று பலகை இல்லை, நான்கு பலகை மாற்ற வேண்டியிருந்தது. ஆக அவன் அன்று சொன்ன கணக்கு தப்பு. அவனை நான் நம்பாமல் இருந்தது சரிதான்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் ஐலிஃப் புயலைப் பற்றி அறிக்கை வாசித்தார். "கடுமையான சோதனை" என்றார். "அத்தன பெரிய புயல்ல நம்ம ஜெனரேட்டருக்கு ஒரு சின்னச் சேதம்கூட இல்லங்கறதைப் பெருமையோட தெரிவிச்சுக்கறேன்." கை தட்டினோம். சாட்சியாக மறுபடியும் என்னையே தேர்ந்தெடுத்தார்கள். தன் படகு போனபோதும் பொய் சொல்லாத மனுஷன் என்று ஐலிஃப் என்னை மேடைக்கு அழைத்துக் கைகுலுக்கினார். எதிர்ப்பு இல்லை. இந்த முறை நானும் எதிர்க்கவில்லை.

வசந்தத்தில் எதிர்க்கரைக்குப் போனபோது, ஒரு ஜெனரேட்டர் வாங்கினேன். எந்தத் தீவு என்று கடைக்காரன் கேட்டான். சொன்னேன்.

"அங்கதானா?" என்றான். "எல்லாரும் வந்து வாங்கிட்டாங்க. ஒரு வீடு மட்டும் ஏன் இன்னும் வரலன்னு நெனைச்சுக்கிட்டே இருந்தேன்."

கொட்டகையில் வலைக்கு அடியில் மறைத்து வைத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. ஹால்டிஸுக்குத் தெரியும், ஆனால் தெரிந்தது போல் காட்டிக்கொள்ளமாட்டாள். வாங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது. ஓட்டவில்லை. கையேட்டின்படி ஆயில் மாற்ற வேண்டும். ஸ்பானர், பாத்திரம், புதிய ஆயில் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. இரண்டு முறை கொட்டகைக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டேன். நானே கழற்றி, நானே ஊற்றி, முழுசாக வடிந்தது என்று நானே சொன்னால், அதை நான் எப்படி நம்புவது?